மூணு பட்டனைக் காணோம்

ஞாயித்துக்கிழமை மதியம் செத்த நேரம் சாயலாம்னு போனா, அக்கா பையன்கிட்ட இருந்து போன். "மாமா, நாளைக்கு லேப் எக்ஸாம். ஜாவால நாலு பட்டன் போட்டேன், ஒண்ணு தான் தெரியுது."

"கடைசியா சேர்த்தது மட்டும் ஜன்னல் முழுக்கத் தெரியுதா?"

"ஆமா மாமா!"

கொசுவத்தியைச் சுத்துங்க மக்களே. 2007. கோவையில ஒரு சின்ன கம்பெனில ஆணி புடுங்கிட்டு இருந்தேன். திருப்பூர் பனியன் கடைக்காரர் ஒருத்தருக்கு ஸ்விங்ல பில் போடுற சாஃப்ட்வேர். முதல் ஸ்க்ரீன்ல நாலு பட்டன்: பில், சரக்கு, ரிப்போர்ட், வெளியேறு. எழுதினது புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு.

டெமோ அன்னிக்குத் திறந்தா மூணு பட்டனைக் காணோம். ஸ்க்ரீன் முழுக்க "வெளியேறு". எங்க கிளிக் பண்ணாலும் கடையைச் சாத்திட்டுப் போயிடுது :-)) கடைக்காரர் சிரிச்சார். எங்க டேமேஜர் சிரிக்கல.

நான் சீனியராச்சே! "ரீபெயிண்ட் விட்டிருப்பா, புதுசு தானே சார்"னு அடிச்சு விட்டேன்.

பாவம், ரீபெயிண்ட், ரீவேலிடேட் எல்லாம் போட்டுப் பாத்தா. ம்ஹூம். (ஜன்னல் திறந்தப்புறம் பட்டனைச் சேர்த்தா பண்ற வைத்தியம் அது. இங்க வியாதியே வேற.) அப்புறம் அவளே ஃப்ரேமுக்குள்ள எத்தனை பட்டன் இருக்குன்னு பிரிண்ட் பண்ணிப் பாத்தா. நாலு! ஒவ்வொண்ணோட அகலம், உயரம்? மூணுக்கு சைபர். பட்டன் தொலையல, உக்கார இடம் தான் கிடைக்கல.

மேட்டர் இதுதான். ஜேபேனலுக்குப் பொறந்ததுல இருந்தே ஃப்ளோலேஅவுட். போடப் போட வரிசையா நிக்கும். ஜேஃப்ரேமுக்கு பார்டர்லேஅவுட். நாலு பக்கம், ஒரு நடு. பக்கம் சொல்லாம சேர்த்தா எல்லாம் நடுவுக்குப் போகும், அங்க ஒருத்தருக்குத் தான் இடம். கடைசியா வந்தவர் மொத்தமா புடிச்சுக்குவார். அவ ஒழுங்கா பேனல்ல தான் போட்டிருந்தா. யாரோ "எதுக்கு வெட்டியா ஒரு பேனல்"னு அதைத் தூக்கிட்டு, நேரா ஃப்ரேம்லயே சேர்த்திருக்காங்க. ஜாவா 5க்கு முன்னாடி இருந்த வெர்ஷன்ல அப்படிப் பண்ணா எர்ரர் அடிச்சு நின்னுரும். 5ல அதை அனுமதிச்சுட்டாங்க, சத்தமில்லாம ஓடும்.

ராத்திரி எட்டரை மணிக்கு சிவிஎஸ் லாக்கைத் திறந்து காட்டினா. "அண்ணா, இது உங்க செக்-இன் தானுங்க?"

குரல்ல கோவமே இல்ல. அதான் இன்னும் மோசம்.

பேனலைத் திரும்ப வெச்சோம், ரெண்டே வரி வேலை. மறுநாள் டேமேஜர் "சரியாயிடுச்சா?"ன்னார். "ஆச்சு சார்"னேன். யார் தப்புன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. அவ ஒரு தடவை என்னைப் பாத்துட்டு மானிட்டர் பக்கம் திரும்பிட்டா. அவளோட கன்ஃபர்மேஷன் மூணு மாசம் தள்ளிப்போச்சு. அப்பவாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

அக்கா பையன் பேனல் போட்டான், நாலு பட்டனும் வந்துடுச்சு. "சூப்பர் மாமா! கோடைப் பாக்காமயே எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"எக்ஸ்பீரியன்ஸ்டா"ன்னு சொல்லிட்டு போனை வெச்சேன். தூக்கம் போயிடுச்சு.