மால்குடியும் ஒரு கால்குலேட்டரும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுப்பா. ஆனா கவிதை மட்டும் வேணாம், ஏற்கனவே ஒரு கட்டு சேர்ந்து கிடக்கு" என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டுக் கொண்டதால், நண்பர்களே, நீங்கள் என் கவிதையிலிருந்து தப்பித்தீர்கள்!

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். நடுவர் கிடையாது, மணி கிடையாது. தலைப்பும் ஒன்றேதான். ஷின்சானில் எந்த எபிசோடு டாப்? "டைரக்டர் மாறினதும் எல்லாம் போச்சுடா" என்பான் ஒருவன். "உனக்கு டைரக்டர் பேர் தெரியுமா முதல்ல?" என்பான் இன்னொருவன். டிசைன் பேப்பரில் மூன்று அரியர் வைத்திருப்பவனெல்லாம் இதில் மட்டும் பேராசிரியர் மாதிரி பேசுவான். ஒருநாள் என் பக்கம் திரும்பினார்கள். "காடாம்புலியூர், நீ சொல்லுடா." (விடுதியில் என் பெயரே அதுதான். அம்மா அப்பா வைத்த பெயர் அட்டெண்டென்ஸுக்கு மட்டும்.)

"மால்குடி டேஸ்" என்றேன். சபையில் மயான அமைதி.

"அது கார்ட்டூனா?"

"டைட்டில்ல மட்டும் படம் வரும்டா. ஆர்.கே. லக்ஷ்மண் போட்டது." சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பல் தேய்க்கப் போய்விட்டார்கள். அன்று பாதியில் நின்றதைத்தான் இங்கே எழுதி முடிக்கிறேன். இப்போது யாரும் எழுந்து போக முடியாது பாருங்கள்!

எனக்கு இந்தத் தொடரைக் காட்டியவர் என் அப்பா. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற வழியில் எங்கள் ஊர். நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த பெரியப்பா வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. உண்டு. 1987-இல் பள்ளிக்கூடப் பையனாக இருந்த அப்பா, அதைப் பார்க்கவே லீவு விட்டால் அங்கே ஓடிவிடுவாராம். தூர்தர்ஷனில் இந்தியில் ஓடிய தொடர் அது. அப்பாவுக்கு இந்தியில் அன்றும் இன்றும் ஒரு வார்த்தை தெரியாது. "பின்னே எப்படிப்பா புரிஞ்சுது?" என்றால், "அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா போதும்டா" என்பார். அந்தப் பையன் சுவாமி. நடித்தவர் மாஸ்டர் மஞ்சுநாத். சுவாமியின் அப்பாவாக வந்தவர் கிரீஷ் கர்னாட்.

எடுத்தவர் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக். கதைகள் நம் சென்னை புரசைவாக்கத்தில் பிறந்த ஆர்.கே. நாராயணுடையவை. மால்குடி என்று ஓர் ஊர் எந்த மேப்பிலும் இல்லை. சங்கர் நாக் தன் கூட்டத்தோடு கர்நாடகத்தில் மழைக்குப் பேர் போன ஆகும்பேவுக்குப் போய், அந்தச் சின்ன ஊரையே மால்குடியாக்கி விட்டார். நாராயணின் தம்பி லக்ஷ்மண் கோட்டோவியம் போட, எல். வைத்தியநாதன் இசை அமைத்தார். வாயாலேயே பாடி வரும் அந்த டைட்டில் மெட்டை அப்பா இன்றைக்கும் சைக்கிளைத் துடைக்கும்போது முணுமுணுப்பார். 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதி பாடல்களுக்கு இசை போட்டவரும் இந்த வைத்தியநாதன்தான். இது அப்பாவுக்குத் தெரியாது. நான் சொன்னதும் ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

1990 செப்டம்பர் 30-இல் ஒரு கார் விபத்தில் சங்கர் நாக் இறந்து போனார். வயது 35. பிறகு 2006-இல் கவிதா லங்கேஷ் இயக்கிச் சில பகுதிகள் வந்தன. குறை சொல்லவில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் என் கட்சி சங்கர் நாக் கட்சி.

மெக்கானிக்கல்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது 'என்ஜின் ட்ரபிள்'. பொருட்காட்சி லாட்டரியில் ஓர் ஆளுக்குப் பரிசு விழுகிறது. என்ன பரிசு? ரோடு ரோலர்! எடுத்துக் கொண்டு போகவும் முடியாது, விற்கவும் முடியாது. மைதானத்தில் நிற்பதற்கு முனிசிபாலிட்டி வாடகை கேட்கிறது. கோயில் யானையையும் ஐம்பது கூலியாட்களையும் வைத்து இழுத்தால், அது போய் ஒரு காம்பவுண்டுச் சுவரை இடிக்கிறது. நம் ஒர்க்ஷாப் மூலையில் யாரும் ஓட்டாமல் நிற்கும் அந்தப் பழைய லேத்தை நினைத்துக் கொண்டு பாருங்கள், இரண்டு மடங்கு சிரிப்பு வரும்.

ஆனால் அப்பாவுக்குப் பிடித்தது வேறு. 'ஃபார்ட்டி ஃபைவ் எ மன்த்'. ஒரு குமாஸ்தா. மகளிடம் சாயங்காலம் சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போகிறார். குழந்தை கவுன் மாட்டிக் கொண்டு காத்திருக்கிறது. ஆபீஸில் விடமாட்டேன் என்கிறார்கள். கோபத்தில் ராஜினாமா எழுதுகிறார். அதைக் கொடுக்கப் போன இடத்தில், மாதம் நாற்பது ரூபாயை நாற்பத்தைந்தாக உயர்த்தலாம் என்று மேலதிகாரி சொல்கிறார். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். வீட்டுக்கு வரும்போது குழந்தை அதே கவுனோடு தூங்கிப் போயிருக்கிறது.

அப்பா ஒரு முந்திரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சீசனில் அவர் எப்போது வருவார் என்று எங்கள் தெரு நாய்க்குத்தான் தெரியும். என் போனில் இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சிய கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறன்னு சொன்னனே, போனமா?" என்றார்.

"இல்லப்பா."

"வர்ற ஞாயித்துக்கெழம போயிடலாம்."

இதை எழுதுகிற வரை போகவில்லை. தங்கச்சியும் இப்போது கேட்பதில்லை.

சரி, என் கணக்கில் முதலிடம் எதற்கு? விடுதியில் நான் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது அதைத்தான். சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். 'லீலாஸ் ஃப்ரெண்ட்.' வீட்டு வேலைக்கு வந்த சித்தா என்பவனும், அந்த வீட்டுக் குழந்தை லீலாவும் சிநேகிதம். குழந்தை அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும். ஒருநாள் குழந்தையின் தங்கச் சங்கிலியைக் காணோம். சித்தாதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். போலீஸ் பிடித்துக் கொண்டு போகிறது. பிறகு பார்த்தால் சங்கிலி சமையலறையில் புளிப்பானைக்குள் கிடக்கிறது. போட்டது குழந்தை. நாராயணின் கதையில் இதற்குப் பிறகும் லீலாவின் அப்பா, அப்படிப்பட்ட ஆளை வீட்டில் வைத்திருக்க முடியாது என்றுதான் பேசுவார். நம் லைப்ரரியில் புத்தகம் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

போன வருடம் நம் மெஸ்ஸில் வேலை பார்த்த ஒரு பையனை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எங்களைவிட ஒரு வயது சின்னவன். காய்ச்சல் வந்து படுத்தால் ரூமுக்கே கஞ்சி கொண்டு வருவான். வந்தால் என் சயின்டிஃபிக் கால்குலேட்டரைக் கையில் எடுத்துக் கொண்டு, "இந்த சைன், காஸ் எல்லாம் இன்னாண்ணே?" என்பான். நான் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினேன். இரண்டு நாள் கழித்து வந்து முப்பது டிகிரிக்கு அரை என்று சரியாகச் சொன்னான். அதைச் சொல்ல எனக்கே முதல் வருடத்தில் ஒரு மாதம் ஆயிற்று.

ஒருநாள் கால்குலேட்டரைக் காணோம். மறுநாள் யூனிட் டெஸ்ட். ரூமே இரண்டுபட்டது. "யாராவது எடுத்துப் பார்ப்பாங்களா?" என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன், "அந்த மெஸ் பையன்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பான்" என்று. எடுத்தான் என்று சொல்லவில்லை. எடுத்துப் பார்ப்பான் என்றுதான் சொன்னேன். இந்த இரண்டு சொல்லுக்கும் இருக்கிற வித்தியாசத்தை வைத்துக் கொண்டு பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திக் கொண்டேன். அன்று ராத்திரியே அவன் பையை எல்லோர் முன்னாலும் கொட்டச் சொன்னார்கள். இரண்டு சட்டை, ஒரு சீப்பு, அம்மா படம். ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையில் அவன் இல்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். ஒர்க்ஷாப் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தேன். "டேய், நல்லவேள கைய விட்டுப் பாத்தன், இத்தயும் ஊற வெச்சிருப்பன்" என்று அம்மா கால்குலேட்டரை நீட்டினார்கள்.

விடுதிக்கு வந்து சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். தண்டனையாக என்னை சமோசா வாங்கித் தரச் சொன்னார்கள், வாங்கித் தந்தேன். "அந்தப் பையன் பாவம்டா" என்று ஒருவன் சொன்னான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நாலைந்து மாதம் கழித்து, அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவதற்காகத் தேடும்போதுதான் 'லீலாஸ் ஃப்ரெண்ட்' பார்த்தேன். புளிப்பானை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா, "ஏன்டா நிறுத்திட்ட?" என்றார். சார்ஜ் இல்லை என்றேன்.

மெஸ் சமையல்கார அண்ணனிடம் போன மாதம்தான் நம்பர் வாங்கினேன். பண்ருட்டியில் ஒரு ஹோட்டலில் இருக்கிறானாம். மூன்று தடவை அடித்துவிட்டு நானே கட் செய்தேன். நாலாவது தடவை அவன் எடுத்துவிட்டான். யார் என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்று பெரிதாக ஏதோ எழுதியே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டுக் கொண்டே இருந்தது.

அவனே கேட்டான். "அண்ணே, அந்தக் கால்குலேட்டர் கெடச்சுதா?"

"கிடைச்சுதுடா. என் சட்டைப் பையிலயே இருந்துது."

கொஞ்ச நேரம் தட்டு சத்தம் மட்டும். "அத்த மெஸ்ல சொன்னியாண்ணே?" என்றான்.

சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மலர் மெஸ்ஸுக்கும் ஒரு பிரதி போகும்.