வெற்றிலை உலக்கை

உருவமா, உள்ளடக்கமா என்ற சண்டை நம் சிறுபத்திரிகைகளில் ஓய்ந்து வெகு காலமாகிறது. யாரும் ஜெயிக்கவில்லை, அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி மறுபடி உயிர்பெற்றது கவிதையினால் அல்ல, வெற்றிலை இடிக்கிற, ஒரு சாண்கூட இல்லாத ஓர் உலக்கையினால்.

நண்பன் செல்லூரில் இருக்கிறான். மாடியில் தகரக் கொட்டகை, பழைய கிரைண்டர் மோட்டாரில் ஓடுகிற கடைசல் லேத், நாலைந்து உளிகள். பாங்க் விடுமுறை நாட்களில் அங்கே போவேன். அவன் அம்மாவுக்கு 82 வயது. சோழவந்தான் வெற்றிலை இல்லாமல் பொழுது போகாது. 'பல்லுப் போனா என்னப்பா, வாய் இருக்குல்ல' என்பார். பித்தளை உரல் இருக்கிறது, உலக்கை தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்ய உட்கார்ந்தோம்.

நாலு வழிச் சாலைக்காக வெட்டிய புளியமரத்தின் துண்டு ஒன்று விறகுக் கடையில் கிடைத்தது. புளியின் வைரம் உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். ஆனால் மரம் மட்டும் போதாது. வயதான கையில் பலமில்லை. விழுகிற கனம்தான் பாக்கை நசுக்க வேண்டும். நெல் குத்தும் உலக்கைக்குப் பூண் எதற்கு என்று அப்போது விளங்கியது. இரும்பு வேண்டாம் என்றான் நண்பன். பாக்கின் துவர்ப்பு பட்டால் கறுக்கும். பித்தளைக் கம்பியில் ஓர் அங்குலம் அறுத்து அடியில் பொருத்தினோம். பித்தளை தண்ணீரைப் போல எட்டு மடங்குக்கு மேல் கனம். அடி தட்டையாக இருந்தால் உரலின் குழிவில் துணுக்குகள் தப்பிக்கும், அதனால் உருட்டினோம். பிடியின் பருமன் அம்மாவின் வீங்கிய விரல் மூட்டுகள் தந்த அளவு. கட்டைவிரல் நிற்க ஒரு மெல்லிய பள்ளம். வாய்க்குப் போகிற பொருளில் படுவதால் பாலிஷ் கிடையாது. உப்புத்தாள், பிறகு தேங்காய் எண்ணெய். அழகுக்கென்று ஒரு கோடுகூடப் போடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனந்த குமாரசாமி (1877-1947) வலியுறுத்தியது இதைத்தான். கண்டிப் பகுதிக் கைவினைகளைப் பற்றிய தம் பெரிய புத்தகத்தை, வில்லியம் மாரிஸின் அச்சுப்பொறியில், தம் மேற்பார்வையிலேயே அச்சிட்டு 1908இல் கொண்டுவந்தவர். பயன் வேறு, அழகு வேறு என்று பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. இங்கேதான் எனக்கு இடறுகிறது. பயனே கெட்டதாக இருந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைத்தான் குற்றம் சொன்னது. 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. எங்கள் உலக்கை தன் வேலையைச் சரியாகச் செய்வதுதான் அதன் கெடுதல். பைப் புகைக்கிற வெள்ளைக்காரன் புகையிலையை அழுத்திக்கொள்கிற கட்டையும் இதற்குப் பங்காளி. அதையும் தந்தத்திலும் எலும்பிலும் பித்தளையிலும் அழகழகாகச் செய்திருக்கிறார்கள்.

ஆபீஸில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் அதேபோல் ஒன்று கேட்டார். பணம் தருவதாகவும் சொன்னார். முப்பது வயது, எல்லாப் பல்லும் இருக்கிறது. இடித்துப் போட்டால் ருசி வேறாம். நண்பன் மறுத்துவிட்டான். 'செய்ததை எவன் எப்படி உபயோகிக்கிறான் என்பது செய்தவன் பொறுப்பில்லையே' என்றேன். எழுத்தாளர்களுக்காக நான் பலமுறை வாதாடிய கட்சி அது.

'அம்மாவுக்கு 82 வயசுடா. இனிமே நிறுத்தச் சொல்லிட்டு அதுக்குப் பதிலா என்னத்தக் குடுப்பேன்? இவரு சின்ன வயசு' என்றான்.

அதே மரம், அதே உளி, அதே உருவம். ஒருவருக்குச் செய்யலாம், இன்னொருவருக்குக் கூடாது. இந்த வித்தியாசம் பொருளுக்குள் எங்கும் இல்லை. படைப்பை மட்டும் பார் என்று பழகிய விமர்சனத்திடம் இதற்கு வார்த்தை கிடையாது. நண்பன் யாருக்குச் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவன். முகம் தெரியாத வாசகனுக்கு எழுதுகிற நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மாட்டேன் என்று சொல்கிற சௌகரியம் மட்டும் உண்டு. தமிழில் அதை உபயோகித்தவர்கள் குறைவு.