பறக்கும் நேரமும் வந்து சேரும் நேரமும்

மும்பை செம்பூரில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு பிள்ளைகளின் ஊருக்குப் போய்விடும். மும்பையிலிருந்து நியூயார்க் சுமார் 12,500 கிலோமீட்டர். நேர் விமானம் போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம். திரும்பும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வரும். "கூப்பிட்டால் மறுநாள் வந்துவிடுவான்" என்று தைரியமாக இருக்கிறோம்.

அந்த 16 மணி நேரம் விமானம் பறக்கும் நேரம் மட்டுமே. லீவு கிடைக்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும், குழந்தைகளை யாரிடமாவது விட வேண்டும். நேர் விமானத்தில் இடமில்லையென்றால் துபாயிலோ லண்டனிலோ இறங்கி மாற வேண்டும். விசா சிக்கலில் இருப்பவர்கள் கிளம்பவே யோசிக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தாலும் வாசலில் வந்து நிற்க இரண்டு நாள் ஆகிவிடும்.

விமானத்தின் வேகம் கூடியிருப்பது உண்மைதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து விமானத்தில் தபால் மூட்டையோடு மும்பை ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அந்தத் தபால் பெல்லாரி வழியாகச் சென்னை சேர்ந்தது மறுநாள். இன்று மும்பையிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரம் போதும். நாங்கள் பிழைப்புக்கு இங்கே வந்த காலத்தில் தாதரில் ரயிலேறினால் ஒரு பகலும் ஒரு இரவும் போகும். ஊரில் இருந்த பெற்றோருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அக்கம்பக்கத்து உறவை விடாமல் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு யார் வண்டி பிடிப்பது, யார் கூட இருப்பது என்பது பேசாமலே முடிவாகியிருந்தது. தூரத்தை ஒப்புக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். வீடியோவில் தினமும் முகம் பார்க்கிற நாம் அதை மறந்துவிட்டோம்.

அவர்கள் செய்ததையே நாமும் செய்வோம். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், இன்சூரன்ஸ் காகிதம் எங்கே என்பது இங்கேயே இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மாலையில் கோயிலுக்கோ கச்சேரிக்கோ போய் நாலு பேரோடு பழகுவோம். ஒருநாள் நம்மைக் காணவில்லையென்றால் தேடி வருவது அவர்கள்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "என் உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கொள்ளி வைக்கட்டும், மகளானாலும் சரி. நீ வரும்போது வா." இதைக் கேட்கப் பிள்ளைக்கு வலிக்கும். ஆனால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லையே என்ற குற்ற உணர்வைக் காலமெல்லாம் சுமக்காமல் அவனைக் காப்பாற்றுவது இந்தச் சொல்தான்.

பிள்ளைகளே, கெட்ட செய்தி கேட்டு அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கும் நாள் வரைக்கும் பொறுக்காதீர்கள். அம்மா எழுந்து நடமாடி உங்களுக்குச் சமைத்துப் போடும் தெம்போடு இருக்கும்போதே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள்.