காலியிடம் என்று ஒன்றில்லை

பாறசாலையை அடுத்த எல்லைச் சிற்றூரில் இருக்கிறது எங்கள் வீடு. அதைச் சுற்றி ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ செய்துதர, மழைக்கு முன்பாக மேட மாதத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் வரைபடத்துடன் வந்தார். வாயிலிலிருந்து திண்ணை வரை கான்கிரீட் தளத்தின்மேல் இன்டர்லாக் கற்கள், ஓரங்களில் புல்தரை, நடுவில் ஓர் அலங்காரப் பனை. பிலாவும், அதில் படர்ந்த நல்லமிளகுக் கொடியும், இரண்டு தென்னைகளும், மரச்சீனியும் நின்ற பகுதியில் ‘காலியிடம்’ என்று எழுதியிருந்தது.

செலவை ஏற்றவர் வளைகுடாவில் பணிபுரியும் அண்ணன். அவருடைய விருப்பத்தில் நியாயம் இருந்தது. சென்ற இடவப்பாதியில் பாசி படிந்த முற்றத்தில் அம்மை வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆகவே நானும் மறுப்புச் சொல்லவில்லை. வரைபடத்தை நெடுநேரம் பார்த்த அம்மைதான் கேட்டார்: “பெய்யுத தண்ணி எங்கோட்டு போவும் மக்ளே?”

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். கற்கள் மூடவிருந்த பரப்பு 4 சென்ட். ஏறத்தாழ 160 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 8,000 லிட்டர் நீர். இதுவரை அதில் ஒரு பங்கு தென்னந்தடங்களில் தங்கிச் செம்மண்ணுக்குள் இறங்கியது. இனி அது சரிவில் ஓடி, கீழ்வீட்டாரின் முற்றத்தில் சென்று நிற்கும். எங்கள் கிணறு வாய்திறந்து பார்த்திருக்கும்.

நிலம் சார்ந்த வழக்குச் சொற்களை ஆராய்பவன் நான். இப்பகுதியில் நெல் விளையும் தாழ்நிலம் ‘ஏலா’. வீடும் மரங்களும் நிற்கும் மேட்டுநிலம் ‘விளை’. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, இப்பால் இஞ்சிவிளை. மாநிலம் பிரிந்தது, சொல் பிரியவில்லை. விளைவதால் விளை. அச்சொல்லைப் பற்றிப் பக்கக்கணக்கில் எழுதியவனுக்கு, தன் வீட்டு விளையைக் ‘காலியிடம்’ என்று பிறர் எழுதியபோது அது உறைக்கவில்லை. முதலாண்டுக் களக்குறிப்பேட்டைப் புரட்டினேன். அதில் நானும் பல இடங்களில் ‘காலிமனை’ என்றே எழுதியிருந்தேன். அங்கே என்னென்ன நின்றன என்பதை இப்போது எவரிடம் கேட்பேன்?

மறுநாள் ஒப்பந்தக்காரரை அழைத்து, அம்மையின் கேள்வியை அப்படியே அவர்முன் வைத்தேன். அவர் சினம் கொள்ளவில்லை. வேறொரு தாள் எடுத்தார். நடக்கும் பாதைக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் மட்டும் சொரசொரப்பான கருங்கற்பலகைகள். அடியில் கான்கிரீட்டுக்குப் பதிலாகச் சரளையும் மணலும். பலகைகளின் இடைவெளியில் புல். கூரைநீர் வடிகுழியின் வழியே கிணற்றுக்கு. கிணற்றடிவரை ஒரு கைப்பிடி. பிலாவும் தென்னைகளும் நின்ற இடத்திலேயே நின்றன. மரச்சீனிக்கு மட்டும் பாதி இடம் போயிற்று. அதில் அம்மைக்கு இன்னும் வருத்தம்தான்.

செலவு குறையவில்லை. ஆனால் இவ்வாண்டு முதல் மழையில், தென்னந்தடம் நிறைந்து மெல்ல வற்றுவதைக் கைப்பிடியைப் பற்றி நின்றபடி அம்மை பார்த்துக்கொண்டிருந்தார்.

களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் ‘காலி’ என்று எழுதும் முன், அங்கு வாழ்பவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.