குப்பைக்குப் போகும் கைத்திறன்

கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரில் 2003-இல் தொடங்கிய பந்தயத் தடம். பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடக்கிறது. அப்படி ஒரு காருக்கு மூக்குப் பகுதி தயாராவதைப் பார்க்க, கோவையில் உள்ள ஒரு ஃபைபர் பட்டறைக்குப் போயிருந்தேன்.

கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தை மாணவர்கள் குறுக்குவெட்டுகளாகப் பிரித்து, பிளைவுட்டில் வெட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இடைவெளிகளில் மஞ்சள் நிற பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் கட்டிகள். இந்த உருவத்தின் மேல் ரெசினும் கண்ணாடி இழையும் போட்டுத்தான் மோல்டு எடுப்பார்கள். தெர்மாகோல் விலை குறைவுதான். ஆனால் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் அது கரைந்துவிடும். எபாக்ஸி அதைக் கரைக்காது. விலைதான் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுக்கலாம். பியூ ஃபோமில் அந்தக் கம்பி படவே கூடாது, வரும் புகை நஞ்சு. அதனால் ரம்பமும் உப்புத்தாளும்தான் கருவிகள்.

பட்டறை மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீளமான பலகையில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மூலைவாட்டில் ஒரு முறை, எதிர் மூலைக்கு ஒரு முறை என்று தேய்த்தார். விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் குழியாகிவிடும். நீளப் பலகை மேட்டை மட்டும்தான் எடுக்கும். பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நேரா நின்னா மோல்டு கழண்டு வராது தம்பி. கொஞ்சம் சாச்சு உடோணும்.”

“எவ்வளவுங்ண்ணா?”

“மூணு டிகிரி போதும்.”

திரையில் அழகாக நின்ற சுவர் அங்கேயே சரிந்தது.

பிறகு ஃபோமின் துளைகளை அடைத்து, பட்டி பார்த்து, கறுப்பு பிரைமரை லேசாகத் தூவினார்கள். தேய்த்த பிறகும் கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. வழவழப்பானதும் டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தார் மாஸ்டர். ஒளிக்கோடு நெளியும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. இங்கே தங்கும் நெளிவு மோல்டுக்குப் போகும். மோல்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மூக்கிலும் அதே நெளிவு இருக்கும்.

மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசின் ஊற்றி ரோலர் ஓட்டுகிறார்கள். ஹார்ட்னரை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள், அன்றைய வெயிலைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். கூடினால் ரெசின் சூடேறி வெடிப்பு விடும். மோல்டு இறுகியதும் ஆப்பு வைத்துப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஃபோம் பெரும்பாலும் நொறுங்கிவிடும். அத்தனை நாள் தேய்த்த உருவம் மூட்டையில் குப்பைக்குப் போகிறது.

மாஸ்டரின் வாயில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. நுண்தூசிக்கு அது போதாது. ஸ்டைரீன் ஆவியை அது தடுக்கவே தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வாழ்நாள் முழுக்க இந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அது பட்டறையின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

போட்டியில் காரின் ஓட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. பாகங்கள் எப்படிச் செய்யப்பட்டன, என்ன செலவானது என்று மாணவர்கள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் ஃபோமின் விலையும் ரெசினின் எடையும் இடம்பெறும். தேய்த்த மணிநேரங்களும், தேய்த்தவரின் கூலியும், அவருடைய முகக்கவசமும் அதில் ஏறட்டும். மூன்று டிகிரியைக் கற்றுக்கொடுத்தவர் அந்த மாணவர்களுக்கு ஆசிரியர். அவரைச் செலவுக் கணக்கில்கூடச் சேர்க்காத அறிக்கை, கார் எப்படிப் பிறந்தது என்பதைப் பாதிதான் சொல்லும்.