மசகு

சென்ற ரமலான் மாதம் பாதியைக் கடந்திருந்த ஒரு பிற்பகல். நோன்புக் கஞ்சிக்காக இஞ்சியும் பூண்டும் அரைக்க முற்பட்டாள் என் இல்லத்தாள். மிக்ஸி ஒருமுறை உறுமிற்று, பிறகு அடங்கிவிட்டது. கருகிய வாடை கூடம் வரை வந்தது. ஓதிக்கொண்டிருந்த நான் எழுந்து சென்று, நோன்பாளி காக்க வேண்டிய நாவைக் காக்காமல், "ஜாரைக் கழுத்தளவு நிரப்பினால் எந்த இயந்திரம்தான் தாங்கும்?" என்று கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. அம்மியைக் கழுவி, மூட்டு வலியோடு தரையில் அமர்ந்து அரைத்தாள். அன்றைய கஞ்சி மிக நன்றாக இருந்தது. அதை நான் வாய்திறந்து சொல்லவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்க்கும் பெரியவரிடம் மிக்ஸியைக் கொண்டுசென்றேன். அவர் அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார், ஓடத் தொடங்கிவிட்டது. சுமை மிகும்போது மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காக்கும் பொத்தானாம் அது. இத்தனை ஆண்டுகளாக அது அங்கிருப்பதையே நான் அறியேன். பிறகு சின்ன ஜாரைக் கவிழ்த்து, அடியிலுள்ள பல்லிணைப்பை விரலால் திருப்பினார். அது அசைய மறுத்தது.

"மோட்டார்ல கோளாறு இல்ல பாய், ஜார்லதான். இதுக்கு யாரு எண்ணெய் விட்டது?"

"நான்தான். மாதந்தோறும் நல்லெண்ணெய் விடுவேன்" என்றேன், சற்றுப் பெருமையோடு.

அவர் ஒன்றும் பேசாமல் ஜாரைக் கழற்றிக் காட்டினார். கத்தியைத் தாங்கும் தண்டைச் சுற்றி அரக்குப்போல் பழுப்பு நிறப் பிசின் இறுகியிருந்தது. அவ்வளவும் என் மாதாந்திரக் கைங்கரியம்!

அவர் விளக்கியது இது. தண்டு சுழல்வது 'புஷ்' எனப்படும் சிறு உலோகக் குழலுக்குள். பல ஜார்களில் இது வெண்கலத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்யப்படுவது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். சுழற்சியில் சூடேறும்போது எண்ணெய் கசிந்து தண்டைத் தழுவும். ஆறியதும் துளைகளுக்குள் திரும்பும். சுமையின்றி ஓடும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 சுற்றுகள் சுற்றும் பொறிக்கு அந்த மெல்லிய படலம்தான் காப்பு. சமையல் எண்ணெயோ காற்றும் வெப்பமும் பட்டுப் பட்டுப் பிசினாகி, அத்துளைகளை அடைத்துவிடும். தேங்காயெண்ணெய்க்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. போதாக்குறைக்குக் குளிரில் உறைந்தும் போகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை மாணவர்க்குப் பலமுறை பாடம் சொன்னவன் நான். அந்த ஆர்வத்தில்தான் எண்ணெய் விடும் வேலையையும் என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். தைக்கத் தெரிந்து தைப்பது வேறு, தெரியாமல் ஊசியை எடுப்பது வேறு என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

வண்டியச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்துப் பூசிய மையை நம் ஊர்களில் மசகு என்பார்கள். நூல்களில் எழுதுவோர் உயவு எண்ணெய் என்பார்கள். உயவு என்ற சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் வருத்தம் என்ற பொருளும் உண்டு. எண்ணெய் வற்றிய அச்சின் முனகலைக் கேட்டவர்க்கு அந்த உறவு விளங்கும். அரபியில் தஷ்ஹீம் என்கிறோம். கொழுப்பைக் குறிக்கும் ஷஹ்ம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல்லே ஓர் எச்சரிக்கையாகவும் எனக்குப் பட்டது. கிரீஸ் வகைகள் சிலவற்றில் விலங்குக் கொழுப்பு சேர்வதுண்டு. உணவு அரைபடும் பாத்திரத்தில் எதைப் பூசுகிறோம் என்று விசாரிப்பது நம் போன்றோர்க்குக் கடமை.

பெரியவர் சொன்ன மருந்து எளியது: மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின். நிறமும் மணமும் அற்றது. கனிம எண்ணெய் ஆதலால் பிசினாவதில்லை. பழைய பிசினைத் துடைத்தெடுத்தபின், ஜாரைக் கவிழ்த்து, தண்டு புஷ்ஷுக்குள் நுழையுமிடத்தில் இரண்டே சொட்டு விட்டு, பல்லிணைப்பைக் கையால் பலமுறை சுற்ற வேண்டும். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் கழுவி, ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டால் உபரி எண்ணெய் போய்விடும். மோட்டார்ப் பக்கம் மட்டும் எண்ணெய்ச் சொட்டு போகக் கூடாது. உள்ளே உரசும் கரித்துண்டுகளில் எண்ணெய் பட்டால் கெட்டது. ஜாரை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவதும் தவறாம். அதைச் செய்பவனும் நானே. பாத்திரம் கழுவி உதவுவதாக எண்ணிக்கொண்டு!

புஷ்ஷையும் தண்டையும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பியபோது அஸர் பாங்கு ஒலித்தது. அடுப்படி வாசலில் நின்றபடியே, "குற்றம் உன்னுடையதல்ல, என் எண்ணெயினுடையது" என்று தொடங்கி, பெரியவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெண்கலத் தூளையும் நுண்துளைகளையும்கூட விடவில்லை. அவள் பருப்பைக் களைந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் தலை நிமிர்ந்து,

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நேத்து அம்மியில அரைச்சுக் காய்ச்சுன கஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றாள்.