தெரட்டியும் தொட்டியும்

சுவடிகள் அழிந்த வழிகளை வகுப்பில் பட்டியலிடுவது தமிழாசிரியர்களின் வழக்கம். கறையான் தின்றது, நெருப்பு எரித்தது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனது என்று எண்ணிச் சொல்வோம். இப்போது அந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏடு அப்படியே இருக்கும். எழுத்தும் ஒன்று குறையாமல் இருக்கும். அதைப் படிக்கும் கண் மட்டும் ஓர் இரவில் போய்விடும். கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது நேர்வது இதுதான்.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதையொட்டி எல்லா ஊர்களிலும் பழைய கணினிகளுக்குப் புது உயிர் ஊட்டும் வேலை நடந்தது. கோவையில் எங்கள் கல்லூரியும் அதற்கு விலக்கன்று. தமிழ்த்துறைக்கென்று இருந்த கணினியைக் கடைக்காரத் தம்பி ஒருவர் வந்து எடுத்துச் சென்றார். வட்டைத் துடைத்துப் புதிய பதிப்பை நிறுவி இரண்டே நாளில் கொண்டுவந்து வைத்தார். "டாக்குமெண்ட் ஒண்ணுகூடப் போகலீங்க சார், எல்லாம் பத்திரமா இருக்குதுங்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கோப்புகள் அனைத்தும் இருந்தன. திறந்தால் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் இறைந்து கிடந்தன. பழைய எழுத்துருக்கள் ஆவணங்களோடு இருக்கவில்லை. இயங்குதளத்தின் உள்ளறையில் இருந்தன. வட்டைத் துடைத்தபோது அவையும் போயின. அவற்றோடு வாங்கிய தமிழ் மென்பொருளோ, கணினியின் முதுகில் செருகும் பூட்டு ஒன்றை நம்பியிருந்தது. அந்தப் பூட்டைச் செருகும் துளையே இன்றைய கணினிகளில் இல்லை.

அக்கோப்புகளில் இருந்தவை சுற்றறிக்கைகளாக இருந்திருந்தால் நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது தந்த ஊக்கத்தில், ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களைக் காங்கயம், தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி, கோபி எனக் கிராமங்களுக்கு அனுப்பிச் சொற்களும் பாட்டுகளும் திரட்டினோம். வேலியிட்ட இரு காடுகளுக்கு நடுவே செல்லும் இட்டேரி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காளி, விருந்தாக வரும் ஒரம்பரை ஆகிய சொற்கள் இன்னும் சிலர் வாயில் வாழ்கின்றன. ஆனால் கவலை இறைப்பின் சொற்கள் அப்படியல்ல. மாடு பூட்டிச் சால் கொண்டு கிணற்று நீரை இறைத்த அந்த முறை மோட்டார் வந்தபின் மறைந்தது. வடம், வால்கயிறு, மாடு பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்கும் வாரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் ஊருக்கு ஊர் ஒரு மாறுபாடும் இருந்தன. சொல்லித் தந்த அப்பாருகளும் ஆத்தாக்களும் பெரும்பாலும் இன்று இல்லை. அவர்கள் பேசியதன் ஒரே பதிவு, திரையில் புரியாத குறிகளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஒருவகை முகமூடிகள். கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது உரோமன் எழுத்து. அதன்மேல் தமிழ் வடிவம் மாட்டப்பட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியின் நினைவில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இட்டேரி என்ற சொல்லோ ஒரு காற்புள்ளியில் தொடங்கும். முகமூடியைக் கழற்றினால் கீழே தமிழே இல்லை. இதிலும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முகமூடி செய்துகொண்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாத அந்நிலையை மாற்றத்தான் இணையத் தமிழர்கள் கூடித் திஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தாப், தாம் என்னும் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தந்தது. ஒருங்குறியிலோ 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோது அது மேசைக் கணினிக்கும் இறங்கிவந்தது. 2010 ஜூனில் இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட்டு முறையையும் தரமாக ஏற்றது. ஆனால் அக்காலத்தில் அச்சகங்களில் இருந்த பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை ஏற்கவில்லை. நூலாக வரவேண்டுமானால் அச்சகத்தின் எழுத்துருவில்தான் தட்டச்சிட வேண்டும். ஆய்வேடுகளும் சிற்றிதழ்களும் நீண்ட காலம் முகமூடியோடு நடமாடியது அதனால்தான்.

எங்களுக்கு வேண்டிய எழுத்துரு அவிநாசிப் பக்கம் ஒரு சிறு அச்சகத்தில் கிடைத்தது. கலியாணப் பத்திரிகை அடிக்கும் இடம். இருபதாண்டுப் பழைய கணினி ஒன்றை அதன் உரிமையாளர் இணையத்தோடு இணைக்காமலே வைத்திருக்கிறார். "இத நான் அப்டேட்டே பண்றதில்லீங்க. பண்ணுனா எங்க அப்பன் காலத்து டிசைன் அத்தனையும் போயிருமுங்க" என்றார். எழுத்துருவை ஏற்றியதும் கோப்புகள் பேசத் தொடங்கின. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த புதுப்பித்தலிலும் இதே கதை நடக்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு பக்கம் நொடியில் மாறிவிடுகிறது.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது.

பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டச்சிடப்படும். ஒருங்குறியில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். செயலி இடம் மாற்றி வைக்கிறது. ஆனால் கொம்பும் ஓர் எழுத்தும் அடுத்து ளகரமும் வந்தால், அது 'வெள' என்னும் இரண்டு எழுத்தா, 'வௌ' என்னும் ஓரெழுத்தா என்பது செயலிக்குத் தெரியாது. இணையத்தில் 'வௌியீடு' என்று அச்சேறியிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். பொதுத் தமிழில் இத்தகைய இடங்கள் சிலவே. கொங்குப் பேச்சிலோ விளக்கு 'வெளக்கு' ஆகும், விளைந்த என்பது 'வெளஞ்ச' ஆகும். எங்கள் கோப்புகளில் அவை 'வௌக்கு' என்றும் 'வௌஞ்ச' என்றும் வரிசையாக நின்றன.

இதைவிடக் கடியது ரகரமும் காலும் செய்த குழப்பம். பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவ வேறுபாடு மிகக் குறைவு. வேகமாகத் தட்டச்சிடுவோர் ரகரத்துக்குப் பதிலாகக் காலைப் போட்டுவிடுவதுண்டு. காகிதத்தில் யாருக்கும் வேறுபாடு தெரியாது. 'அவா்', 'தொிவித்தாா்' என்று இன்றும் செய்தித் தளங்களில் உலவுவன இதன் எச்சங்களே. கண்ணுக்கு அவை சரியாகத் தோன்றும், தேடினால் அகப்படா. காலுக்கு மேல் புள்ளி வராது என்பது இலக்கணம் ஆதலால், அங்கே ரகரமெய்யை இடுவது எளிது. ஆனால் கொம்பு, தகரம், கால், பிறகு 'ட்டி' என்று இருந்தால் அது என்ன சொல்? 'தொட்டி' என்றது செயலி. திருத்திப் படித்த மாணவியும் அதை ஐயுறவில்லை. தொட்டி நல்ல தமிழ்ச் சொல்தானே! அடுத்த வரியில் தாய்மாமன் சீர் கொண்டுவருவதும் பெண்ணுக்குத் தண்ணீர் வார்ப்பதும் வந்தபோதுதான் தெரிந்தது, அது தெரட்டி. கொங்கு நாட்டில் பெண் பூப்பெய்தியபோது செய்யும் சீர். ஒரு சடங்கின் பெயர் தண்ணீர்த் தொட்டியாகி அகராதிக்குள் நுழையப் பார்த்தது. தண்ணீர் வார்க்கிற செய்தியும் உடன் இருந்ததால் அந்தப் பிழை பொருத்தமாகவும் தோன்றியது என்பதுதான் அச்சத்துக்குரியது. 'பெரட்டு' 'பொட்டு' ஆனதும் இப்படித்தான்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இந்தச் சிக்கல் புதிதன்று. ஓலைச் சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரக் கொம்புகளுக்கு வேறுபாடு இல்லை. இரட்டைக் கொம்பை வழக்குக்குக் கொண்டுவந்தவராக வீரமாமுனிவரைச் சொல்கிறோம். ரகரமும் காலும் ஏட்டில் ஒரே கோடு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைத் தந்த சி.வை.தாமோதரம் பிள்ளையும் ஒவ்வோர் ஏட்டிலும் எதிர்கொண்டது இதைத்தான். கொம்பு, மெய், கோடு என்று மூன்று குறி இருந்தால் அதைக் கொ என்றும் கோ என்றும் கெர என்றும் கேர என்றும் படிக்கலாம். எது சரி என்பதை எழுத்து சொல்லாது. யாப்பும் பொருளும் சொல்லும். அவையும் கைவிட்டால் வழக்கறிந்த மனிதர் சொல்ல வேண்டும். பதிப்பு நுட்பம் பற்றி நாங்கள் வகுப்பில் பல ஆண்டு விரித்துரைத்ததுண்டு. அது எங்கள் மேசைக்கே தேடிவரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதுபொருள் ஓலையிலிருந்து காந்தத் தட்டுக்கு மாறியும், ரகரமும் காலும் தம் பழைய பகையை மறக்கவில்லை.

ஆகவே முன்னோர் செய்ததையே நாங்களும் செய்தோம். யாப்பமைந்த பாட்டுகளில் ஓசை உதவியது; 'தெரட்டி' முதற்சீரில் வந்தால் அடுத்த அடியின் எதுகை காட்டிக்கொடுத்துவிடும். உரைநடைக் குறிப்புகளுக்கு அந்தத் துணை இல்லை. மாணவர்களின் பழைய கையேடுகள் சில கிடைத்தன. பூச்சி தின்றது போக எஞ்சிய பக்கங்கள் பல சொற்களைத் தீர்த்துவைத்தன. மீதியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிராமங்களுக்குப் போனோம். காங்கயம் அருகே ஓர் அம்முச்சி, நாங்கள் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டிய சொல்லைக் கேட்டுச் சிரித்தார். "ரெண்டும் இல்ல சாமி, நீங்க எழுதுனதே தப்பு" என்று மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். செயலி, கையேடு, தட்டச்சர் மூவரும் நீங்கிய தூய பாடம் அது.

புதுப்பித்தலை எதிர்ப்பது நம் நோக்கமன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன தளத்தில் மாணவர்களின் ஆவணங்களை வைத்திருப்பது சரியாகாது. அச்சக நண்பரைப் போல் இணையத்தைத் துண்டித்துவிட்டு வாழ்வது எல்லோர்க்கும் இயலாது. ஆனால் பழைய எழுத்துருக் கோப்பு வைத்திருப்போர் இயங்குதளத்தை மாற்றும் முன் மூன்று செய்ய வேண்டும். எழுத்துருக்களை ஆவணங்களோடு ஒரே உறையில் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆவணத்தையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக ஒரு முறை மாற்றிவைக்க வேண்டும். பின்னாளில் ஒருங்குறி வடிவை ஒப்பிட அதுவே மூலச்சுவடி. மாற்றிய பின் மூலத்தை அழிக்கக் கூடாது. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்ததும் பழைய ஏட்டை ஆற்றில் விட்டதனால் நாம் இழந்தவை போதும்.

கோடை விடுமுறைக்கு முன் கணக்கெடுத்தபோது பதினொரு சொற்கள் தீராமல் நின்றன. ஒன்பது கவலை இறைப்பைச் சார்ந்தவை. அவற்றுக்கு இரண்டு பாடங்களையும் பக்கத்தில் பக்கமாக எழுதி உடுக்குறி இட்டிருக்கிறோம். அப்பட்டியல் துறையின் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. ஊருக்குப் போகும் மாணவர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்கிறார்கள். சென்ற மாதம் தாராபுரத்திலிருந்து திரும்பிய ஒருவர் இரண்டு சொற்களை அடித்துவிட்டுச் சரியான வடிவைப் பேனாவால் எழுதினார். ஒன்பது மிச்சம்.